மார்ச்சுத் திணை: புனே நகரத்து ஆண்டிறுதிச் செலவுகள் பற்றிய ஒரு முன்னோட்ட ஆய்வு

ஐந்திணை வகுத்த முன்னோருக்கு நிதியாண்டு தெரியாது. தெரிந்திருந்தால் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார்கள் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். அதற்கு மார்ச்சுத் திணை என்று தற்காலிகமாகப் பெயர் சூட்டுகிறோம். கருவூலம் இருக்கும் ஊரெல்லாம் இத்திணை பரவிக் கிடந்தாலும் கள ஆய்வுக்குப் புனேயைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மனத்தில் பட்டதைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டிவிடும் ஊர் அது. சான்று திரட்டும் ஆய்வாளனுக்கு இதைவிட வசதி வேறில்லை.

முதலில் முதற்பொருள். நிலம், 1950 பிப்ரவரி 15 அன்று பிறந்த புனே மாநகராட்சியின் எல்லை. அதன் 2025-26 பட்ஜெட் 12,618 கோடி ரூபாய். பெரும்பொழுது, பின்பனியின் வால்பகுதியான பங்குனி. அந்த மாதத்தில் புனேயில் எந்த அலுவலகத்துக்குப் போய் எதைக் கேட்டாலும் ‘மார்ச் எண்டிங்’ என்ற இரண்டு சொற்களே பதிலாக வரும். சிறுபொழுது, மார்ச் 31ஆம் தேதி யாமம். யாமம் குறிஞ்சிக்கு உரியதாயிற்றே, அதைக் கருவூலத்துக்குத் தூக்கிக்கொடுத்தது எவ்வாறு என்று கேட்பாருக்கு விடை: 2024இல் மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை. அரசுக் கணக்கு பார்க்கும் வங்கிக் கிளைகள் அன்று திறந்திருக்க வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. 2025இல் அதே தேதியில் ரம்ஜான் பெருநாள் வந்தது. அன்றும் திறக்கச் சொன்னது. ஞாயிறும் பெருநாளும் சேர்ந்தும் அசைக்க முடியாத பொழுதைத் திணைக்குரிய பொழுதாக ஏற்பதில் உரையாசிரியர்களுக்கு ஆட்சேபம் இராது.

கருப்பொருளில் விலங்கு ஜேசிபி. பறை, கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர். பூ, நடைபாதைகளில் சதுரம் சதுரமாகப் பூக்கும் பேவர் பிளாக். தெய்வம் ‘வர்கீகரண்’: ஒரு தலைப்பில் செலவாகாமல் கிடக்கும் பணத்தை வேறொரு தலைப்புக்குக் கூடுவிட்டுக் கூடு பாயச் செய்யும் சக்தி. ஆண்டு முழுவதும் அதற்குப் பூசை நடந்தாலும், கடைசி மாதங்களில்தான் நிலைக்குழுவின் முன் மனுக்கள் குவியும்.

மரம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மார்ச்சுத் திணையின் மரம் பெஞ்சு. சிமெண்டிலும் இரும்பிலும் வளரக்கூடியது. சாலையோரம், கோயில் வாசல், பேருந்து நிற்காத நிறுத்தம் என எங்கும் வேர்பிடிக்கும். முதுகு சாயும் இடத்தில் ‘மாண்புமிகு நகர்சேவக் இன்னாரின் வளர்ச்சி நிதியிலிருந்து’ என்று மராத்தியில் எழுதியிருக்கும். நகர்சேவக் என்பவர் நம்மூர் கவுன்சிலர். பட்ஜெட்டில் இவர்கள் கேட்கும் வார்டு வேலைகள் இடம்பெறும் பட்டியலுக்கு ‘ஸ யாதி’ என்று பெயர். தாவரவியல் நோக்கில் பார்த்தால் பெஞ்சு, துணிப்பை, குப்பை வாளி, தெருப்பெயர்ப் பலகை எல்லாம் ஒரே குடும்பம். குடும்ப அடையாளம்: எதற்குப் பயன்படுகிறது என்பதைவிட யார் கொடுத்தது என்பது பெரிய எழுத்தில் இருக்கும். வெயிலில் இருக்கையின் வண்ணம் உரியும். பெயரின் வண்ணம் உரிவதில்லை. இரண்டுக்கும் ஒரே டப்பாவிலிருந்து வண்ணம் எடுத்திருக்க மாட்டார்கள் என்று ஊகிக்கிறோம்.

இந்தத் துறைக்கு இயற்கையே ஒரு பரிசோதனை நடத்திக்கொடுத்தது. 2022 மார்ச் நடுவில் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரி 15 வரை வரவில்லை. இடையில் ஆணையரே நிர்வாகி. நகர்சேவக் இல்லாத காலத்தில் மார்ச் வருமா? வந்தது, ஆண்டுதோறும். எனவே இத்திணையின் காரணம் தனிமனித ஆசை மட்டுமல்ல என்று துணிந்து கூறலாம்.

பின் காரணம் எது? அதுவே உரிப்பொருள்: செலவழித்தலும் செலவழித்தல் நிமித்தமும். ஓர் அதிகாரியின் இடத்தில் நின்று பாருங்கள். நூறு ரூபாய் ஒதுக்கீடு. கவனமாக வேலை பார்த்து எழுபதில் முடித்துவிட்டார். மீதி முப்பதை சரண்டர் செய்ய வேண்டும். அடுத்த ஆண்டு ‘எழுபதிலேயே முடிகிறதே’ என்று எழுபதுதான் கிடைக்கும். தணிக்கைக்காரர் வந்தால் ‘முப்பது ஏன் செலவாகவில்லை? திட்டமிடல் சரியில்லை’ என்று குறிப்பெழுதுவார். சிக்கனத்துக்கு இரண்டு தண்டனை, பெஞ்சுக்குத் தண்டனையே இல்லை. போதாததற்கு, பணம் கைக்கு வருவதே பாதி ஆண்டு கழிந்த பிறகு. டெண்டர் விட்டு, கொட்டேஷன் வாங்கி, அளவுப் புத்தகம் எழுதி, பில் பாஸாக வேண்டும். ஜனவரியில் பணம் பெற்றவன் மார்ச்சில் மாணிக்கமா வாங்குவான்? கடையில் தயாராக இருப்பதைத்தான் வாங்குவான்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 62ஆம் விதி, ஆண்டின் கடைசி மாதங்களில் செலவு முட்டிமோதுவது நிதி ஒழுக்கத்துக்கு மாறானது என்கிறது. நிதி அமைச்சகம் கடைசிக் காலாண்டுக்கு 33 சதவீதம், மார்ச்சுக்கு மட்டும் 15 சதவீதம் என்று உச்சவரம்பும் வைத்தது. இந்தப் பதினைந்தைக் கவனிக்க. பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாதத்தின் நேர்பங்கு எட்டே சொச்சம். ஒழுக்கக்கேடு என்று அறிவித்த பின், அதை ஏறத்தாழ இரண்டு மடங்குவரை செய்துகொள்ளலாம் என்று அளந்துகொடுத்த பெருந்தன்மை உலக நீதிநூல்களில் அரிது. மகாராஷ்டிர நிதித்துறையும் பிப்ரவரி நடுவுக்குமேல் மேசை நாற்காலி, கணினி வாங்கக் கூடாது என்று ஆணை போட்டதுண்டு. மார்ச்சைப் பிப்ரவரிக்கு நகர்த்துவது எளிது என்பது இதிலிருந்து பெறப்படும்.

இனி வரலாறு. இக்கட்டுரை புதிதாகக் கூறுவது இந்த இடத்தில்தான். கௌடில்யர் கணக்கர்களை ஆஷாட மாதத்தில், அதாவது ஆனி, ஆடி வாக்கில், கணக்கோடு வரச் சொல்கிறார். பேஷ்வாக்கள் புனேயிலிருந்து ஆண்டபோது பயன்படுத்திய ஆண்டு, சூரியன் மிருகசீரிடத்தில் புகும் ஜூன் முதல் வாரத்தில் தொடங்கியது. ‘மிருக் சால்’ என்பார்கள். நம் கிராம நிர்வாக அலுவலர் இன்றும் எழுதும் பசலி ஆண்டு ஜூலை 1இல் பிறக்கிறது. ஆக, பழைய கணக்குகள் எல்லாம் மழையை ஒட்டி முடிந்தன. மழையில் சாலையைத் தோண்ட முடியாது. தோண்டினாலும் பில்லோடு சேர்ந்து பள்ளமும் நிரம்பிவிடும். வெள்ளைக்காரன் ஆண்டின் முடிவை வறண்ட பருவத்தில் கொண்டுபோய் வைத்து, 1867இல் நிதியாண்டின் தொடக்கத்தை ஏப்ரல் 1க்கு மாற்றினான். அவன் காலத்தில்தான் கணக்கு முடிக்கும் பருவமும் பள்ளம் தோண்டும் பருவமும் ஒன்றாயின. லண்டனின் கணக்கோடு ஒத்துப்போகத்தான் மாற்றினார்கள் என்பது வழக்கமான விளக்கம். நாம் அதை மறுக்கவில்லை. மண்ணியல் கோணம் விடுபட்டுவிட்டது என்று மட்டும் சுட்டுகிறோம்.

இக்கொள்கைக்கு எதிரான ஒரே சான்று ஜங்கிலி மகாராஜ் சாலை. 1970களில் பத்தாண்டு உத்தரவாதம் கொடுத்துப் போடப்பட்ட அந்தச் சாலை, உத்தரவாதம் முடிந்தும் பல்லாண்டுகள் குழி விழாமல் கிடந்து, மார்ச்சுகள் பலவற்றை வீணாக்கியது. பின்னாளில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அதன் நடைபாதையை அகலமாக்கினார்கள். நன்றாகத்தான் வந்திருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். அங்கும் உட்கார இடம் உண்டு.

அயல்நாட்டு ஒப்பீடு சுருக்கமாக: ஜெர்மானியர் இதை டிசம்பர் காய்ச்சல் என்கிறார்கள். ஜப்பானியருக்கும் மார்ச்சில்தான் ஆண்டு முடிவு, மார்ச்சில்தான் சாலைவேலை. அமெரிக்க அரசுக்குச் செப்டம்பர். லீப்மன், மஹோனி என்ற இருவர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கடைசி வாரத்துக் கொள்முதல் மற்ற வாரங்களின் சராசரியைப் போல் 4.9 மடங்கு, அப்போது வாங்கிய கணினித் திட்டங்களின் தரமும் மட்டம் என்று கண்டார்கள். அவர்கள் பெஞ்சுகளை ஆராயவில்லை. துறையில் இன்னும் இடம் இருக்கிறது.

தேதியை மாற்றலாம் என்று 1984இல் அமைந்த எல்.கே. ஜா குழு ஜனவரியைச் சொன்னது. 2016இல் சங்கர் ஆச்சார்யா குழு மீண்டும் ஆராய்ந்தது. மார்ச் அசையவில்லை. நமது பரிந்துரை, புனேக்கு மட்டுமேனும் மிருக் சாலைத் திருப்பிக் கொடுத்து ஜூன் முதல் வாரத்தில் கணக்கை முடிப்பது. தோண்டுவது அடியோடு நிற்கும். ஆனால் மே கடைசி வாரத்தில் மாநகராட்சி தார்ப்பாய், மழைக்கோட்டு, தண்ணீர் இறைக்கும் பம்பு ஆகியவற்றுக்கு அவசர டெண்டர் விடும். சரக்கு அக்டோபரில் வந்து சேரும். தார்ப்பாயின் நடுவில் நகர்சேவக்கின் பெயர் இருக்கும்.