இடுப்பைக் காணவில்லை: ஜெனீவாவுக்கு ஒரு புகார் மனு

அனுப்புநர்:
நடுவயதுக்காரன் ஒருவன்,
மாசி வீதிகளுக்கு உட்பட்ட பகுதி,
மதுரை.

பெறுநர்:
உயர்திரு தலைமை இயக்குநர் அவர்கள்,
உலக சுகாதார நிறுவனம்,
ஜெனீவா.

பொருள்: உடல் நிறை குறியீட்டெண் எனப்படும் பி.எம்.ஐ. கணக்கிலிருந்து இடுப்பு காணாமல் போனது – கண்டுபிடித்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. பெல்ஜியம் நாட்டுக் கெட்லே அவர்களின் கணக்கு, 1832.
2. தங்கள் வரம்புகள்: 25, 30.
3. தங்களின் வேறு வரம்புகள்: 23, 25.
4. தங்களின் மேலும் சில வரம்புகள்: 23, 27.5.

ஐயா,

கிணற்றைக் காணோம் என்று சினிமாவில் வடிவேலு போலீசாரிடம் புகார் கொடுத்தார். அவர் எங்கள் ஊர்க்காரர். அந்தப் பாத்தியதையில்தான் இடுப்பைக் காணோம் என்று நான் உங்களிடம் வந்திருக்கிறேன். கிணறாவது தரைக்குள் கிடப்பது. போனால் சட்டென்று தெரியாது. எங்கள் ஊர் ஆண்களின் இடுப்பு அப்படியா? சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே எட்டிப் பார்ப்பது. மேலமாசி வீதியில் எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றாலே தெரிவது. உங்கள் கணக்குக்கு மட்டும் தெரியவில்லை.

கணக்கு என்னமோ சுலபம்தான். எடையைக் கிலோவில் எடு, உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமாக்கு, அதால் வகு. எட்டாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான். மாதிரிக்கு இரண்டு பேரை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். ஒருவர் மளிகைக் கடை அண்ணாச்சி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 165 சென்டிமீட்டர், 62 கிலோ. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் ராத்திரி கடை சாத்தும்போதுதான் எழுந்திருப்பார். கையும் காலும் குச்சி. இடுப்புச் சுற்றளவு மட்டும் 94 சென்டிமீட்டர். அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. இன்னொருவர் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தம்பி. முப்பது வயது. உயரம் அதே 165; எடை 74 கிலோ; இடுப்பு 80.

வகுத்துப் பார்த்தால் அண்ணாச்சிக்கு 22.8. ‘நார்மல்’ என்று சீட்டு எழுதி அனுப்பிவிடலாம். தம்பிக்கு 27.2. உங்கள் சர்வதேசக் கணக்கில் ‘அதிக எடை’. இந்திய மருத்துவர்கள் வகுத்த கணக்கில் ‘உடல் பருமன்’. “தினமும் வாக்கிங் போங்க தம்பி” என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். “மூட்டையோடயா சார், மூட்டை இல்லாமயா?” என்று கேட்பார். பதில் சொல்ல ஜெனீவாவில் ஆள் இருக்கிறதா?

இந்தக் கணக்கின் பூர்வீகத்தையும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். இதைப் போட்டவர் மருத்துவரே இல்லை. அடால்ஃப் கெட்லே வானியல் படித்தவர். பிரஸ்ஸல்ஸ் நகரில் நட்சத்திரம் பார்க்கும் ஆய்வகத்தை உண்டாக்கியவர். வளர்ந்த மனிதரின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று 1832இல் சொன்னார். அவர் தேடியது ‘சராசரி மனிதன்’ ஒருவனை. யார் குண்டு, யாருக்கு நோய் வரும் என்பதெல்லாம் அவர் கவலையே இல்லை. நட்சத்திரம் பார்ப்பவர் போட்ட கட்டத்தை வைத்து ஆயுள் பலன் சொல்வது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் நாங்கள் அதைச் சுகாதாரத் துறையிடம் ஒப்படைத்ததில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரின் மார்புச் சுற்றளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு அதே கெட்லே கணக்குப் போட்டிருக்கிறார். அளவு நாடாவின் அருமை தெரிந்த மனிதர்தான். நாடா மார்போடு நின்றுவிட்டது, அவ்வளவே.

அதன்பின் நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 1972இல், அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் இந்தக் கணக்கைத் தூசி தட்டி எடுத்து இன்றைய பெயரைச் சூட்டினார். அதற்காக அவர் பரிசீலித்தது ஏழாயிரத்துச் சொச்சம் பேரின் உடம்பை. அமெரிக்கா, பின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா என்று ஐந்து நாட்டுக்காரர்கள். இந்தியா அதில் இல்லை. பெண் ஒருத்திகூட இல்லை. ஆண்களை மட்டும் அளந்து பெயர் வைத்த அந்த எண்ணைத்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் மேலும் போட்டுப் பார்க்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் 25ஐ எட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள் என்கிறது. ஆண்கள் 37 சதவீதம். இத்தனை பேரில் யாருக்குக் கொழுப்பு வயிற்றில், யாருக்குத் தொடையில், யாருக்கு அது கொழுப்பே இல்லை, சதை என்பதை அந்த எண்ணிடம் கேட்டால் வாய் திறக்காது.

சரி, எண்தான் ஊமை. வரம்பாவது நிலையாக நிற்கிறதா? அமெரிக்காவில் ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்று இருந்த கோட்டை 1998இல் 25க்கு இறக்கினார்கள். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிடாமல், ராத்திரி தூங்கிக் காலையில் எழுந்தபோது அதிக எடைக்காரர்கள் ஆகியிருந்தார்கள். நீங்களும் சளைத்தவர்கள் இல்லை. உலகத்துக்கு 25, 30 என்றீர்கள். உங்கள் மேற்கு பசிபிக் கிளை 2000இல் ஆசியாக்காரர்களுக்கு 23, 25 என்றது. பிறகு நிபுணர்களைக் கூட்டி, 2004இல் வெளியிட்ட அறிக்கையில், பழைய 25, 30 அப்படியே இருக்கட்டும், ஆசியாவில் 23, 27.5 என்ற இடங்களில் உஷாராக இருங்கள் என்றீர்கள். இந்திய மருத்துவர்கள் கூடிப் பேசி, 2009இல் வெளியிட்ட அறிக்கையில் 23, 25 என்று முடித்துக்கொண்டார்கள்.

கோட்டை இறக்கியதற்கு நியாயம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே எங்களுக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது. ஆனால் கோட்டை இறக்க இறக்க யார் மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். மூட்டை தூக்கும் தம்பிதான் ‘அதிக எடை’யிலிருந்து ‘உடல் பருமன்’ ஆகிறார். அண்ணாச்சி அப்போதும் 22.8இல் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் மாவட்டத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று ஊர்கள் உண்டு. பொங்கலுக்கு அங்கே மாடு பிடிக்க வரும் இளைஞர்களை மருத்துவர்கள் பரிசோதித்த பிறகே களத்துக்குள் விடுவார்கள். காளைக்கும் கால்நடை மருத்துவர் உண்டு. ஆனால் காளையின் தரத்தை எந்தக் கிழவனும் அதன் எடையை உயரத்தால் வகுத்துச் சொன்னதில்லை. திமிலைப் பார்ப்பார், நெஞ்சைப் பார்ப்பார், வயிறு தொங்குகிறதா என்று பார்ப்பார். கனம் எவ்வளவு என்பது அப்புறம். எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மாட்டுக்குக் கிடைக்கிற இந்த மரியாதையை மனிதனுக்கும் தாருங்கள் என்று கேட்பது பேராசையா?

உங்கள் எண்ணை நம்பி உத்தியோகத்துக்கே உலை வைத்த இடமும் உண்டு. 2023இல் அசாம் காவல்துறைத் தலைவர் தன் ஆட்கள் எல்லாருக்கும் பி.எம்.ஐ. எடுக்க உத்தரவிட்டார். 30ஐத் தாண்டியவர்களுக்கு எடை குறைக்கச் சில மாத அவகாசம். குறையாவிட்டால் விருப்ப ஓய்வு. தைராய்டு போன்ற கோளாறு உள்ளவர்களுக்கு விலக்கு. முதல் ஆளாகத் தானே அளவெடுத்துக்கொள்வதாக அறிவித்தார். அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட். எங்கள் மாநிலத்தில் வேறு முறை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களின் மார்பளவு சாதாரணமாக 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். நாடா பிடித்துத்தான் பார்க்கிறார்கள். தேர்வு முடிந்ததும் நாடாவைச் சுருட்டி வைத்துவிடுவதுதான் குறை. இருபது வருட சர்வீஸ் முடிந்ததும் அதே நாடாவை ஒரு சாண் கீழே இறக்கிப் பிடித்தால், மூச்சு இழுக்காமலே விரிவு தெரியும்.

ஒல்லியாக இருந்துகொண்டே உள்ளே கொழுத்திருப்பது அண்ணாச்சியின் தனி வித்தை அல்ல. புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு படம் போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. அட்சரம் பிசகாமல் ஒரே எண். உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தால், லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல். இது பிறக்கும்போதே தொடங்குகிறது என்பது யாக்னிக்கின் கண்டுபிடிப்பு. புனே வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எங்கள் குழந்தைக்குச் சதை குறைவு, தோலுக்கு அடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. தொட்டிலிலேயே தராசை ஏமாற்றப் பழகிய ஜனங்கள் நாங்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் சர்க்கரை நோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பி.எம்.ஐ. கணக்கில் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம். நாடா பிடித்துப் பார்த்தபோது வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். கோட்டை 25க்கு இறக்கிய பிறகும் இந்த வித்தியாசம். நூற்றுக்கு ஏறத்தாழ பதினொரு பேராவது, தராசில் ஏறிப் பாஸாகி, நாடாவில் பெயிலானவர்கள். அத்தனையும் அண்ணாச்சிகள், அண்ணாச்சி வீட்டு அக்காக்கள்.

பரோட்டாவுக்கு வக்காலத்து வாங்க வந்தவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். லட்சம் பேரை ஒன்றாக நிறுத்தி, ஊர் பெருக்கிறதா இளைக்கிறதா என்று பார்க்க உங்கள் எண் போதும், செலவும் இல்லை. 35ஐத் தொட்டவரிடம் அது சொல்லும் எச்சரிக்கை பெரும்பாலும் பொய்க்காது. ‘நான் எலும்பு கனமானவன்’ என்று சொல்லிக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்குக் கொத்துக்கு நிற்பவரைக் காப்பாற்ற இந்த மனு எழுதப்படவில்லை. லட்சம் பேருக்குப் போட்ட சட்டையை ஒற்றை ஆளுக்கு மாட்டி, பொருந்துகிறது, போய் வா என்று அனுப்புவதுதான் பிரச்சினை.

ஆகவே புகாருக்கு வருகிறேன். காணாமல் போன இடுப்பு எங்கே இருக்கிறது என்று நானே துப்புத் துலக்கிவிட்டேன். உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. 2008 டிசம்பரில் ஜெனீவாவிலேயே இடுப்பளவைப் பற்றி நிபுணர் கூட்டம் போட்டு அறிக்கையும் எழுதினீர்கள். 2023இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்றது. 2025 ஜனவரியில் லான்செட் குழுமம் அமைத்த ஆணையமும் இடுப்பளவு போன்ற வேறொரு அளவையும் சேர்த்துப் பாருங்கள் என்றது. கெட்லே காலத்திலிருந்து எண்ணினால், மனிதனுக்கு நடுவில் ஒரு வயிறு இருப்பதை ஒப்புக்கொள்ள 193 வருடம் ஆகியிருக்கிறது.

சென்னையில் 2005லேயே இந்த வேலை முடிந்துவிட்டது. சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் மோகன் குழுவினர் அந்த நோய் வரும் ஆபத்தைச் சொல்ல நூறு மதிப்பெண்ணில் ஒரு கணக்கு வகுத்தார்கள். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்பது: நாலே நாலு கேள்வி. பி.எம்.ஐ. அதில் கிடையாது. அண்ணாச்சிக்குப் போட்டால் வயதுக்கு 30, இடுப்புக்கு 10, உட்கார்ந்தே இருப்பதற்கு 30, அப்பாவுக்காக 10. மொத்தம் 80. அறுபதைத் தொட்டாலே ஆபத்து அதிகம், ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொள் என்று அர்த்தம். மாட்டுத்தாவணித் தம்பிக்கு, அம்மா அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை என்றால், வெறும் 20. அதுவும் தனியாக உடற்பயிற்சி செய்யாததற்கு.

நாடா பிடிக்க ஆள் இல்லையே என்பீர்களானால், ஆள் இங்கே இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மெஷின் போட்டிருந்தவர்கள் எங்கள் டெய்லர்கள். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன; நாடா இன்னும் அவர்கள் கழுத்தில்தான் இருக்கிறது. பேண்ட் அளவெடுக்கும்போது “அண்ணே, வயித்துக்கு மேலயா, கீழயா?” என்று கேட்பார்கள். உலகத்தின் தலைசிறந்த உடல்நலக் கேள்வி அதுதான். கீழே என்று சொல்லித்தான் எங்கள் ஊர் ஆண்கள் பதினைந்து வருடமாக ஒரே 34 சைஸில் காலம் தள்ளுகிறார்கள். மருத்துவ அளவு அங்கே இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் எடுக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை இஞ்ச். பெண்ணுக்கு 80, முப்பத்தொன்றரை இஞ்ச். எட்டினால் உஷார். பல டெய்லர்களிடம் பழைய அளவு நோட்டும் இருக்கும். “போன தீபாவளிக்கு இப்ப ரெண்டு இஞ்ச் கூட” என்று தேதியோடு சொல்வார்கள். இப்படி ஒரு தொடர் ஆய்வுக்கு நீங்கள் எத்தனை கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருக்கும்?

எனவே எங்கள் டெய்லர்களைத் தங்கள் நிறுவனத்தின் கௌரவ ஆலோசகர்களாக நியமிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜெனீவாவுக்கு விசா கிடைப்பது சிரமம் என்றால், தாங்களே ஒருமுறை மதுரைக்கு வந்து அளவு கொடுத்துவிட்டுப் போகலாம். இன்னொன்று: 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண்கள் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்தப் பையில் ஒரு நாடாவையும் போட்டுவிடச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எழுதினால்தான் இங்கே கோப்பு நகரும். நாடா வைப்பதால் பையின் பி.எம்.ஐ. கூடிவிடாது.

இப்படிக்கு,
34 சைஸ் பேண்ட் அணியும்,
மதுரைவாசி ஒருவன்.

இணைப்பு: தையல் நாடா, 60 அங்குலம் – ஒன்று. திருப்பி அனுப்ப வேண்டாம்.

நகல்:
1. நகர்நல அலுவலர், மதுரை மாநகராட்சி – தகவலுக்காக.
2. மாட்டுத்தாவணித் தம்பி – தகவலுக்காக. முதுகைப் பார்த்துக்கொள்ளவும், அதை எந்தக் கணக்கும் கேட்பதில்லை.
3. மளிகைக் கடை அண்ணாச்சி – உடனடி நடவடிக்கைக்காக. நாளைக் காலை காபி குடிக்காமல், வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குப் போகவும். கல்லாவை அக்கா பார்த்துக்கொள்வார். சாயங்காலம் அவரும் நாடா பிடித்துப் பார்க்கட்டும்.