பூனை வளர்க்கத் தகுதிச் சான்று

லெஸ்டர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் மூவரும் நலம். வேலந்தாவளத்தில் மழை உண்டா, தென்னையில் வெள்ளை ஈ குறைந்ததா, அண்ணன் சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறானா என்று எழுது. போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை சொல்லிவிடுவாய். அதனால்தான் இந்தச் சங்கதியை மட்டும் கடிதத்தில் எழுதுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நாங்கள் ஒரு பூனை எடுத்திருக்கிறோம்.

"அத்தனை கடனை வாங்கி நர்சு வேலைக்குப் போனது பூனை வளர்க்கறதுக்கா, கண்ணு?" என்று நீ கேட்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. பொறு, முழுக்கப் படி.

நம் வீட்டுக்குப் பூனை எப்படி வந்தது என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பரண் மேல் குட்டி போட்டது, கீழே இறங்கி வந்து மத்தித் தலையைத் தின்றது, அத்தோடு வீட்டு ஆளாகிவிட்டது. ரேஷன் கார்டில் பேர் சேர்க்காததுதான் பாக்கி. காலையில் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய்த் தமிழ்நாட்டில் எலி பிடிக்கும், மத்தியானம் கேரளாவுக்கு வந்து தூங்கும். கொரோனா காலத்தில் நாமெல்லாம் இ-பாஸுக்கு அலைந்தபோது பாஸ் இல்லாமல் போய் வந்த ஒரே ஜீவன் அதுதான்.

இங்கே அப்படி நடக்காது. தெருவில் திரிகிற பூனைக்கும் பெரும்பாலும் ஒரு வீடும் விலாசமும் இருக்கும். வீடு இழந்த பூனைகளைப் பார்த்துக்கொள்ளத் தனியாகச் சங்கமே இருக்கிறது. கேட்ஸ் புரொடெக்‌ஷன் என்று பேர். 1927-இல் லண்டன் கேக்ஸ்டன் ஹாலில் கூட்டம் போட்டு ஆரம்பித்தது. நம் சித்தூர் தாலுக்கா கொச்சி ராஜாவுக்கு வரி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் பூனைக்குச் சங்கம் வைத்திருக்கிறார்கள்! நாடு முழுக்கக் கிளைகள் உண்டு. கிளையை நடத்துகிறவர்கள் சம்பளக்காரர்கள் இல்லை. வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், வீட்டில் இருக்கிற பெண்கள், படிக்கிற பிள்ளைகள். பின்கட்டுத் தோட்டத்தில் கம்பி வலை அடித்துக் கூண்டுவீடு கட்டி, பூனைகளை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். எஜமான் இறந்துபோனவை, எஜமானி முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டவை, வாடகை வீடு மாறும்போது விடப்பட்டவை என்று ஒவ்வொரு பூனைக்குப் பின்னாலும் ஒரு கதை.

உன் பேத்தி பிடிவாதம் பிடித்தாள். பக்கத்துக் கிளைக்கு விண்ணப்பம் போட்டோம். அம்மா, என் விசா விண்ணப்பத்தில்கூட இத்தனை கேள்வி இல்லை. வீடு சொந்தமா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் எங்கே? வாசலில் இருந்து பெரிய ரோடு எத்தனை தூரம்? வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆள் இருக்கும்? குழந்தைக்கு என்ன வயசு? ஊருக்குப் போனால் பூனையை யார் பார்த்துக்கொள்வார்கள்? கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு உன் மாப்பிள்ளை, "நாம ஊருக்குப் போனா நம்ம பாட்டியையே யாரு பாத்துக்கறதுன்னு ஒருத்தனும் கேட்டதில்லையே" என்றார்.

பூனைகளைப் பற்றி அவர்கள் எழுதிவைத்திருக்கும் குறிப்புகளைப் படிக்க நீ இங்கே இருந்திருக்க வேண்டும். "மடியில் உட்காராது. மற்ற பூனைகளைக் கண்டால் ஆகாது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒத்துவராது. வயிற்றைத் தொட்டால் கடிக்கும்." நம் ஊர்க் கல்யாணப் புரோக்கர் யாராவது இப்படி உண்மையைச் சொல்லி ஒரு ஜாதகத்தை நீட்டியிருக்கிறாரா? பையன் தங்கக் கம்பி, பெண் மகாலட்சுமி என்பதோடு முடித்துவிடுவார். கடிப்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியும்.

பிறகு ஒரு தன்னார்வலர் அம்மா வீடு பார்க்க வந்தார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். தன் காரில், தன் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தார். உன் மாப்பிள்ளை உடும்பஞ்சோலையில் இருந்து வந்த ஏலக்காயைத் தட்டிப் போட்டு டீ வைத்தார். அந்த அம்மா கோப்பையைக் கையில் எடுக்கவில்லை. மேசையில் இருந்த பூச்சாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் மகள் எனக்குக் கொடுத்த லில்லிப் பூ. "இதை முதலில் வெளியே வையுங்கள்" என்றார். லில்லியின் இலையோ, இதழோ, மகரந்தமோ கொஞ்சம் உள்ளே போனாலும் பூனைக்குச் சிறுநீரகம் போய்விடுமாம். பாரசிட்டமால் மாத்திரையும் அதற்கு விஷம். தலைவலி, வயிற்றுவலி, மாமியார் வருகை எல்லாவற்றுக்கும் பாரசிட்டமால் கொடுக்கிற நீ இதைக் குறித்து வைத்துக்கொள்.

பூச்சாடி வெளியே போன பிறகுதான் டீ உள்ளே போனது. ஏலக்காய் வேலை செய்தது. அந்த அம்மா முகம் மலர்ந்து, "முன்பு பூனை வளர்த்த அனுபவம் உண்டா?" என்று கேட்டார். உன் மாப்பிள்ளைக்கு வாய் திறக்க இடம் கிடைத்துவிட்டது. ஏலக்காய் ஸ்டோரில் பூனை இல்லாவிட்டால் எலி காயைக் கொறித்துவிடும், அணில் ஒருபக்கம், எலி ஒருபக்கம், அதனால் மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் பூனை உண்டு, என்று இடுக்கி மலையையே மேசை மேல் இறக்கினார்.

"எத்தனை பூனை?"

"கணக்கு வெச்சதில்லைங்க."

"எல்லாவற்றுக்கும் ஆபரேஷன் ஆயிற்றா?"

அம்மா, போடிமெட்டு வளைவில் எதிரே லாரி வந்தாலும் பிரேக் போடாத மனுஷர் அந்த இடத்தில் பிரேக் போட்டார். என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட் எடுக்க உள்ளே போய்விட்டேன்.

எப்படியோ பாஸ் ஆனோம். கிடைத்தது எட்டு வயசுப் பெட்டை, முழுக் கறுப்பு. கறுப்புப் பூனைகளை இங்கேயும் சட்டென்று யாரும் எடுப்பதில்லையாம். அதற்காகவே அந்தச் சங்கம் அக்டோபர் 27-ஆம் தேதியைக் கறுப்புப் பூனை நாள் என்று வைத்திருக்கிறது. இத்தனைக்கும் இந்த ஊர் சகுனம் நம் சகுனத்துக்கு நேர் எதிர். கறுப்புப் பூனை குறுக்கே போனால் நல்லது நடக்கும் என்பார்கள் வயசானவர்கள். நீயாக இருந்தால் திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவாய். உன் மாப்பிள்ளை டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போன காலையில் இவள் குறுக்கே போனாள். நம் சாஸ்திரமா, அவர்கள் சாஸ்திரமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். கடைசியில் தண்ணீரும் குடித்துவிட்டுத்தான் போனார். பாஸ் ஆகிவிட்டது. இரண்டு தரப்பும் பெருமை கொண்டாடலாம்.

பழைய எஜமானி வைத்த பேர் விக்டோரியா. "இந்தப் பேரைச் சொல்லி எப்படிப்பா மடியில வான்னு கூப்பிடறது" என்று உன் பேத்தியே தயங்கினாள். வீட்டுக்குள் கருப்பாயி ஆக்கிவிட்டோம். ஆனால் மிருக டாக்டரிடம் பதிவு செய்யும்போது பழைய பேரோடு எஜமான் குடும்பப் பேரையும் சேர்த்து எழுதுகிறார்கள். நமக்கேது குடும்பப் பேர்? பாஸ்போர்ட்டில் அப்பா பேர்தானே அந்தக் கட்டத்தில் இருக்கிறது. ஆக, ஏலத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்த என் மாமனாரின் பேரைப் பின்னால் சேர்த்து, காத்திருக்கிற இடத்தில் நாயும் கிளியுமாக உட்கார்ந்திருக்க, சத்தமாகப் பூனையைக் கூப்பிட்டார்கள். உன் மாப்பிள்ளை எழுந்து நின்றார். இதைச் சம்பந்தி வீட்டில் மூச்சு விடாதே.

இந்த நாட்டில் பூனைக்கு இருக்கிற மரியாதைக்கு இன்னொரு சாட்சி சொல்கிறேன். பிரதமர் வீட்டில், டவுனிங் தெரு பத்தாம் நம்பரில், லாரி என்று ஒரு பூனை. 2011 பிப்ரவரியில் பேட்டர்ஸீ காப்பகத்தில் இருந்து கொண்டுவந்தார்கள். எலி பிடிக்கும் தலைமை அதிகாரி என்று பதவியே கொடுத்திருக்கிறார்கள். கேமரன் காலத்தில் வந்து ஸ்டார்மர் வரைக்கும் ஆறு பிரதமர்களைப் பார்த்துவிட்டது. அதில் ஒருவர் ஐம்பது நாளைக்கூடத் தொடவில்லை. தேர்தல், கட்சித் தாவல், ராஜினாமா எதுவும் லாரியைத் தொடாது.

நம் கருப்பாயிக்கு அந்த உத்தியோக ஆசை இல்லை. போன மாசம் அடுப்படியில் ஒரு சுண்டெலி வந்தது. "பாருங்க இப்ப, ஸ்டோர் பூனை மாதிரி பாயும்" என்றார் உன் மாப்பிள்ளை. அவள் எலியைப் பார்த்தாள், எலி அவளைப் பார்த்தது. பிறகு அவள் போய் ஹீட்டர் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். பக்கெட்டைக் கவிழ்த்து எலியைப் பிடித்தவர் உன் மாப்பிள்ளை. அதற்குப் பிறகு அவர் பூனையின் வேலை நியமனம் பற்றிப் பேசுவதில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றும் செல்லவில்லை. முதல் நாள் உன் வழக்கப்படி கிண்ணத்தில் பால் வைக்கப் போனேன். அந்த அம்மா கொடுத்த தாளில் வேண்டாம் என்று எழுதியிருந்தது. குட்டிப் பருவம் தாண்டிய பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றால் போகும். தயிர்ச்சோறு போட்டு வளர்ப்பதும் சரியில்லை. பூனை இறைச்சி தின்னவே பிறந்தது. டாரின் என்று ஒரு சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது, அது கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெட்டுப்போகும். வெங்காயம், பூண்டு இரண்டும் ஆகாது. ஆக, மீன் குழம்பு மிச்சத்தைப் போடாமல், மசாலா போடுவதற்கு முன்னால் ஒரு துண்டை வேகவைத்து எடுத்துவைக்க வேண்டும்.

மனுஷர்களுக்கு இங்கே ஆஸ்பத்திரி இலவசம், பூனைக்குக் காசு. அதனால் பூனைக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் அரிசி அளவுக்கு ஒரு சிப் இருக்கிறது. அதில் பதினைந்து இலக்க எண். காணாமல்போனால் கண்டெடுத்தவர் கருவியைக் காட்டிப் படித்து நம்மைக் கூப்பிடலாம். 2024 ஜூன் 10 முதல் இங்கிலாந்தில் இது சட்டம். இருபது வார வயசுக்குள் போட வேண்டும். போடாமலே இருந்தால் 500 பவுண்டு வரை அபராதம். நம் பணத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல். அண்ணனின் ஆக்டிவாவுக்கு இன்ஷூரன்ஸ் முடிந்து எத்தனை நாளாகிறது என்று விசாரித்துச் சொல்.

இத்தனையும் சிரித்துக்கொண்டே எழுதினாலும், அந்த அம்மா கேட்ட ஆபரேஷன் கேள்வி மட்டும் எனக்குச் சிரிப்பாக இல்லை. அவர்கள் கருத்தடை செய்யாமல் ஒரு பூனையையும் வெளியே கொடுப்பதில்லை. குட்டி என்றால் வயசு வந்ததும் செய்தே ஆக வேண்டும். காரணம் எளிய கணக்கு. பெட்டைப் பூனை நாலு மாசத்திலேயே சினை பிடிக்கலாம். ஒன்பது வாரத்தில் ஈனும். ஈத்துக்கு நாலைந்து குட்டி, வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈத்து. நம் மஞ்சள் பூனை இதுவரை போட்ட குட்டிகள் எங்கே? மாமா கோணிப்பையில் கட்டிக் கொண்டுபோய்ச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருவார். மலையில் ஸ்டோர் பூனைகளின் குட்டிகளும் அப்படித்தான். காட்டில் சிறுத்தை இருக்கிறது, ரோட்டில் ஜீப் இருக்கிறது. மத்தித் தலை போட்ட கை நமக்கு இருந்தது. பிறந்த குட்டிக்குப் பொறுப்பு ஏற்கிற ஆள் இல்லை. பாசத்தில் இந்த வெள்ளைக்காரர்கள் நம்மைவிட ஒரு மாற்றும் உசத்தி இல்லை அம்மா. கணக்கு வைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று, நர்சாகச் சொல்கிறேன். இந்த நாட்டில் 1922-இலேயே நாய், பூனைகளிடம் இருந்து வெறிநோயை ஒழித்துவிட்டார்கள். நம் ஊரில் அது இன்னும் ஆளைக் கொல்கிறது. நாய் கடித்தால்தான் என்று நினைக்காதே, பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் வரலாம். பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டு, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் ஊசிகளையும் தவறாமல் முடிக்க வேண்டும்.

ஆகவே, அண்ணன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். அது தென்னைக்கு மருந்தடிக்க அல்ல. மஞ்சள் பூனையையும் அதன் மகளையும் மூடி போட்ட கூடையில் வைத்து மிருகாசுபத்திரிக்குக் கொண்டுபோய், கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் கேட்கச் சொல். அங்கே ஆபரேஷன் வசதி இல்லையென்றால் கோயம்புத்தூர் பக்கம்தானே, அங்கே டாக்டர்கள் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் மண்ணுத்திக் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. முந்தின ராத்திரி எப்போது வரை தீனி போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். மாமாவிடம் கோணிப்பையை வாங்கி வைத்துவிடு. இனி அதில் தேங்காய் மட்டும் போகட்டும். அடுத்த ஈத்து வருவதற்கு முன்னால் இது முடிய வேண்டும் அம்மா. முடிந்ததும் போன் பண்ணு, அப்போது எத்தனை வார்த்தை வேண்டுமானாலும் பேசு.

இப்படிக்கு,
உன் அன்பு மகள்