பராக்! பராக்!

சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதையில் சைக்கிளோடு விழுந்து எழுந்தவருக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. ஆளில்லாத விடிகாலையாகப் பார்த்துப் போங்கள். சனி ஞாயிறு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காப் பக்கம் தலைகாட்டாதீர்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்லப் பிடியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "நம்பிக்கைதான் முக்கியம்!" முழங்கைக்குப் பிளேட் வைத்த டாக்டர்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டார். இடித்துவிட்டுப் போன புண்ணியவானிடம் மட்டும் யாரும் மூச்சு விடுவதில்லை. அவரிடம்தான் நம்பிக்கை வழிந்தோடுகிறதே!

நடப்பவர்களும் சைக்கிள்களும் பகிர்ந்துகொள்ளும் இந்தப் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். பெரும்பாலான சைக்கிள்களில் வேகம் காட்டும் முள் கிடையாது என்பதால் எல்லாருமே 24-இல்தான் போகிறார்கள். கேட்டால் சத்தியம் செய்வார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் பாதையின் குறுக்கே ஒரு நாய்க்கயிறு, அதையொட்டி மூன்று சக்கர வண்டியில் ஒரு பிள்ளை. இந்தப் பக்கமிருந்து பளபள ஜெர்சிக் கூட்டம். 'டிங்' என்று ஒரு மணி. கட்டியங்காரன் பராக் சொன்ன பிறகும் பிள்ளை விலகவில்லை என்றால் அது ராஜகுற்றம் அல்லவா?

சட்டம் தூங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. 2019 பிப்ரவரியில் நடைபாதை வேக வரம்பை மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 10 ஆக்கினார்கள். செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டர் மோதி, சைக்கிளில் சென்ற 65 வயது அம்மா ஒருவர் இறந்தார். நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டருக்கே தடை. விரட்டிய வண்டிகள் எங்கே போகும்? சைக்கிள் பாதைக்கும் பூங்கா இணைப்புக்கும்தான். விழுந்தவர் தைரியத்தைத் தேடி வந்து சேர்கிற அதே இடத்துக்கு!

அவரைக் கொஞ்சம் பாருங்கள். பின்னால் சக்கரம் உரசும் சத்தம் கேட்டாலே விரல் பிரேக்குக்குத் தாவுகிறது. வளைவுக்கு வெகு முன்பே மிதிப்பதை நிறுத்திவிடுகிறார். தாத்தா பாட்டிகளைத் தாண்டும்போது நடைவேகத்துக்கு இறங்கிவிடுகிறார். இதைத்தான் பயம் என்கிறார்கள், குணப்படுத்த வேண்டுமாம். அட, அந்தப் பாதையில் ஒழுங்காகச் சைக்கிள் ஓட்டுகிற ஆளே அவர்தானே ஐயா!

வகுப்பு நடத்தியே தீருவோம் என்றால் அந்த ஜெர்சிக்காரர்களுக்கு நடத்துங்கள். முதல் நாள் பாடம், பிரேக் எங்கே இருக்கிறது என்று காட்டுவது.