பேசாத பெர்லைப் பேச வைப்பது எப்படி?

கேள்வி: பெர்ல் நிரல் பிழைச்செய்தி எதுவும் தராமல் ஓடுகிறது, விடை மட்டும் தப்பு. கோளாறு என்னிடமா, பெர்லிடமா?

பதில்: கோளாறு மௌனத்தில் இருக்கிறது. 1987-ல் லாரி வால் வெளியிட்ட பெர்ல், கேட்டால்தான் வாய் திறக்கும். மாறியின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டால், அதைப் புது மாறியாக ஏற்று, கூட்டலில் பூஜ்யமாக வைத்துக் கணக்கை முடித்துவிடும். இரண்டு சொற்களை ‘ஈக்யூ’ போட்டு ஒப்பிடாமல் இரட்டைச் சமக்குறி போட்டால், இரண்டும் பூஜ்யமாகி ஆப்பிளும் ஆரஞ்சும் ஒன்றாகிவிடும். நிரலின் தலையில் ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’, ‘யூஸ் வார்னிங்ஸ்’ என்று இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரி, ‘மை’ போட்டு அறிவிக்காத மாறியைக் கண்டதும் நிரலை ஓடவே விடாது. இரண்டாவது, எண் அல்லாததை எண்ணாக ஒப்பிட்டதை வரி எண்ணோடு சொல்லும்.

பத்து வரி நிரலுக்கு இவ்வளவு காவலா என்பார்கள். பத்து வரிதான் நாளடைவில் ஐந்நூறாக வளர்கிறது. வேலி நாற்றுக்குத்தான் முதலில் வேண்டும். எல்லாப் பிழையும் இதில் சிக்காதே என்பதும் உண்மைதான். விசைப்பலகையில் வாங்கிய பெயரோடு ஒட்டிவரும் வரிமுறிவை ‘சாம்ப்’ போட்டு நீங்கள்தான் களைய வேண்டும். அதற்காகச் சிக்குகிற பிழையையும் தப்பவிடலாமா? 2022-ல் வந்த 5.36 பதிப்பு முதல், ‘யூஸ் வி5.36’ என்ற ஒரே வரி இரண்டு காவலையும் தருகிறது. இன்றே அதை எழுதிவிட்டு, பெர்ல் சொல்லும் முதல் எச்சரிக்கையிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.