அந்துருண்டைப் புராணம்

திருச்சியிலிருந்து துறையூர் போகிற வழியில் திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவித்த கையோடு பாதிப் பேர் பஸ் ஏறிவிடுவார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு கிணறு இருக்கிறது. அதைப் பார்க்காமல் வந்தால் டிக்கெட் காசு தண்டம். ஸ்வஸ்திக வடிவத்தில் நாலு கை, நாலு படிக்கட்டு. சுமார் 800-ஆம் ஆண்டில், பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், கம்பன் அரையன் என்ற புண்ணியவான் வெட்டுவித்தது. கிணற்றுக்குப் பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு. மார்ப்பிடுகு யார் என்கிறீர்களா? ராஜாதான். அது அவருடைய பட்டப்பெயர். வெட்டியது அரையன், பெயர் அரசருக்கு. ஸ்டிக்கர் ஒட்டுகிற கலை நேற்று வந்தது என்றா நினைத்தீர்கள்?

கிணற்றின் சாமர்த்தியம் அதன் கைகளில் இருக்கிறது. ஒவ்வொரு கையும் வளைந்து திரும்புவதால், ஒரு படித்துறையில் குளிப்பவர் அடுத்த படித்துறைக்காரர் கண்ணில் படமாட்டார். கால் சுற்று திருப்பினாலும் கிணறு அச்சு அசலாக அப்படியே இருக்கும். நாலு கோஷ்டியை, ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்காமல், கொஞ்ச இடத்துக்குள் அடக்குவது எப்படி என்ற கேள்விக்குக் கல்லில் எழுதிய பதில் அது. இதே கேள்விக்கு இயற்கை எப்போதோ ஒரு பதிலை எழுதி, நம் வீட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே ஒளித்துவைத்திருந்தது. அதைப் படித்து முடிக்க உலகத்தின் பெரிய மூளைகளுக்கு நூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது!

ஆமாம், அந்துருண்டையைத்தான் சொல்கிறேன். உள்ளே இருப்பது நாப்தலீன். இரண்டு பென்சீன் வளையங்களைப் பக்கவாட்டில் ஒட்டினால் நாப்தலீன், மூன்றை ஒட்டினால் ஆந்த்ரசீன். ஆகவே முதலில் பென்சீனின் ஜாதகம்.

1825-ல் மைக்கேல் ஃபாரடே அதைப் பிரித்தெடுத்தார். விளக்கெரிக்கும் வாயுவை அழுத்தி அடைத்த பாத்திரங்களின் அடியில் ஒரு எண்ணெய்க் கசடு தேங்கும்; கழுவிக் கொட்டவேண்டிய அந்தச் சரக்கிலிருந்துதான் பென்சீன் வந்தது. ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன் என்பது பின்னால் தெளிவாயிற்று. ஆனால் எப்படிக் கைகோத்து நிற்கின்றன? யாருக்கும் விளங்கவில்லை. 1865-ல் ஜெர்மன்காரர் கெக்குலே 'வளையமாக' என்றார். சரிதான். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

1890-ல் பெர்லினில் அவருக்குப் பெரிய விழா எடுத்தார்கள். மேடை, மாலை, மரியாதை. அந்தச் சூட்டில் ஒரு கதையை அவிழ்த்துவிட்டார்: கணப்பு அருகே கண்ணயர்ந்தாராம், கனவில் ஒரு பாம்பு தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு சுழன்றதாம், விழித்ததும் வளையம் ரெடி. அதற்கும் முன்னால், லண்டனில் குதிரை பஸ்ஸில் தூங்கிவழிந்தபோது கார்பன் சங்கிலி தரிசனம் தந்ததாம். பஸ்ஸில் தூங்கினால் சங்கிலி, வீட்டில் தூங்கினால் வளையம். மனிதர் விழித்திருந்த நேரத்தில் என்னதான் செய்தார்?

இன்னொரு வேடிக்கை. பாம்பு மேடையேறுவதற்கு நாலு வருஷம் முன்பே, 1886-ல், ஜெர்மன் வேதியியலாளர்களே தங்கள் சங்கப் பத்திரிகையைக் கேலி செய்து ஒரு போலி இதழ் போட்டிருந்தார்கள். அதில் ஆறு குரங்குகள் கையும் வாலும் கோத்து வட்டமாக உட்கார்ந்திருக்கும். கீழே, 'இதுவே பென்சீன்' என்கிற தினுசில் விளக்கம். குரங்குகள்தான் பாம்புக்கு முட்டை போட்டன என்று சந்தேகிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் எதுவும் சொல்லவில்லை.

வளையம் சரி. தட்டையா, நெளிவா? இங்கே வருகிறார் வில்லியம் பிராக். மகனோடு சேர்ந்து 1915-ல் நோபல் வாங்கியவர். எக்ஸ்-ரே கதிரைப் படிகத்தில் பாய்ச்சி உள்ளே அணுக்கள் எங்கே நிற்கின்றன என்று சொல்லுகிற வித்தையின் தகப்பனார், பட்டம் அல்ல, நிஜமாகவே தகப்பனார். வைரத்தை ஏற்கெனவே பிரித்து மேய்ந்திருந்தார். அதில் ஆறு கார்பன் வளையம் மேலும் கீழுமாக நெளிந்திருக்கும். 1921-ல் நாப்தலீனுக்கு வந்தார். இதிலும் வளையம் நெளிவாகத்தான் இருக்கவேண்டும் என்று எடுத்துக்கொண்டார். வைரத்தைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு அந்துருண்டையும் வைரம்.

ஆனால் கிழவர் லேசுப்பட்டவர் இல்லை. படிகம் என்பது ஒரே மாதிரிக் குட்டி அறைகள் கோடிக்கணக்கில் அடுக்கப்பட்டது. நாப்தலீன் அறையையும் ஆந்த்ரசீன் அறையையும் அளந்தார். நீள அகலம் ஏறக்குறைய ஒன்றே. மூன்றாவது பக்கம் மட்டும் ஆந்த்ரசீனில் சுமார் 2.5 ஆங்ஸ்ட்ராம் கூடுதல். (ஒரு சென்டிமீட்டரில் 10 கோடி ஆங்ஸ்ட்ராம்.) கூடுதலாக ஒட்டிய ஒரு வளையத்துக்கு அவ்வளவு இடம்தான் வேண்டும்! அப்படியானால் மூலக்கூறுகள் அந்தப் பக்கமாக நீளவாட்டில் நிற்கின்றன. சபாஷ். ஆனால் நிற்கிறவர்கள் எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறார்கள்? அங்கே பிராக் நின்றுவிட்டார்.

அந்தப் பதில் நம் பக்கத்திலிருந்து வரவேண்டியிருந்தது. இப்போது காவிரிக்கரை. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் திருவெள்ளறை, இந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தை ஒட்டி திருவானைக்காவல். அங்கே, தாய்வழித் தாத்தா வீட்டில், 1888 நவம்பர் 7-ல் பிறந்தார் சந்திரசேகர வெங்கட ராமன். தாத்தா சப்தரிஷி சாஸ்திரி, நியாய சாஸ்திரம் படிக்க வங்காளம்வரை நடந்தே போனவர் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. பேரனும் 1907-ல் அதே வங்காளத்துக்குத்தான் போனார். கணக்குத் துறை அதிகாரியாக, ரயிலில். பகலில் சர்க்கார் கணக்கு, மற்ற நேரமெல்லாம் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடம். வங்காளத்துக்கு நம்மேல் அப்படி என்ன உரிமையோ!

தன்னம்பிக்கை என்ற சரக்கைப் பெருமாள் படியளக்கும்போது ராமன் அண்டாவோடு போய் நின்றிருக்கிறார். 1930-ல் நோபல் அறிவிப்பு நவம்பரில். ராமன் ஜூலையிலேயே தனக்கும் மனைவிக்கும் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டார் என்பது ஊரறிந்த கதை. நீட் ரிசல்ட் வரும் முன்பே ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் கட்டுகிற அப்பாக்கள் கூட இப்படிச் செய்யமாட்டார்கள். அதைவிடக் கொடுமை, பரிசு நிஜமாகவே வந்து தொலைத்தது.

அந்தப் பரிசுக்கான வேலையில் கூட நின்றவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். 1928 பிப்ரவரி ஒளிச்சிதறல் சோதனைகளில் அவருடைய கையும் கண்ணும் இருந்தன. 'நேச்சர்' இதழில் வந்த முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் உண்டு. விளைவுக்கு ஒரே பெயர்: 'ராமன் விளைவு'. வருஷக்கணக்கில் அந்த ஒளியைத் துரத்தியது ராமன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் கம்பன் அரையன் இதைக் கேட்டிருந்தால் லேசாகச் சிரித்திருப்பார்.

கிருஷ்ணன் ஊரைக் கூட்டவில்லை. அந்த வருஷக் கடைசியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய், அந்துருண்டைச் சங்கதியைக் கையில் எடுத்தார். எக்ஸ்-ரே இயந்திரம் வைத்துக்கொண்டு உலகமே குழம்பிக்கொண்டிருக்கையில் இவர் எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? ஒரு இழை. குவார்ட்ஸை உருக்கி இழுத்த, முடியைவிட மெல்லிய இழை. அதில் ஒரு குட்டிப் படிகத்தைக் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். மேலே இழையை முறுக்க ஒரு திருகு. அவ்வளவுதான் சார் லேப்!

பென்சீன் வளையத்துக்கு ஒரு குணம். அதன் எலக்ட்ரான்களில் சில வளையத்தைச் சுற்றிச்சுற்றி ஓடும். காந்தப்புலம் வளையத்தின் முகத்தில் நேரே பாய்ந்தால் பலமாக எதிர்க்கும். விளிம்பில் பட்டால் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. ஆகவே வளையம் காந்தத்துக்கு முகம் கொடுக்காமல் விளிம்பைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். சம்பந்தி சண்டையில் மாமியார்கள் உட்காரும் தோரணை. இப்போது மேலே திருகை மெல்ல முறுக்கவேண்டும். படிகம் லேசில் அசையாது. இன்னும் முறுக்கு. இன்னும். ஏறக்குறைய 45 டிகிரி வரை பிடிவாதமாகத் தாக்குப்பிடிக்கும். அதைத் தாண்டியதும் சட்டென்று சுழன்று தோற்றுவிடும். தோற்கவைக்க எத்தனை முறுக்கு தேவைப்பட்டது என்பதுதான் அளவு.

அந்த அளவில் என்ன கிடைக்கும்? உள்ளே மூலக்கூறுகள் எல்லாம் அப்பளக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தால், ஒரு மூலக்கூறின் முரட்டுத்தனம் அப்படியே படிகத்திலும் தெரியவேண்டும். தெரியவில்லை, குறைந்திருந்தது. அப்படியானால் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து எவ்வளவு சாய்வு என்று கணக்குப் போட்டார்கள். ஒரு அறையில் இரண்டு நாப்தலீன் மூலக்கூறுகள். ஒன்றின் தளத்துக்கும் மற்றதன் தளத்துக்கும் இடையே 50 டிகிரிக்குச் சற்று மேல். ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிப்பதில்லை. ஒருவரின் விளிம்பு அடுத்தவரின் முகத்தைப் பார்க்கும். விளிம்பில் இருக்கும் ஹைட்ரஜனில் கொஞ்சம் நேர்மின்சாயல், முகத்தில் எலக்ட்ரான் மேகம். முகத்துக்கு நேர் முகம் வைத்தால் விலக்கு, விளிம்பு காட்டினால் ஈர்ப்பு. கோணிக்கொண்டு உட்கார்ந்தால்தான் குடும்பம் ஓடும்.

கிருஷ்ணன் தனியாள் இல்லை. ராமன் கோஷ்டியின் பகவந்தம் 1929-லேயே நாப்தலீனைக் காந்தத்தில் தொங்கவிட்டிருந்தார். கல்கத்தாவில் கேதாரேஸ்வர் பானர்ஜி 1930-ல் எக்ஸ்-ரே வழியாகவே நாப்தலீன், ஆந்த்ரசீன் இரண்டின் அமைப்பையும் எழுதிவிட்டார். 1933-ல் லண்டனில் ஜே.எம். ராபர்ட்சன் அணு அணுவாக அளந்து வெளியிட்ட பிறகு வாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

வளையம் நெளிவா தட்டையா என்ற பிராக்கின் கேள்விக்குப் பதில் சொன்னது அவருடைய மாணவி, கேத்லீன் லான்ஸ்டேல். லீட்ஸில் அவர் கைக்கு வந்த ஹெக்ஸாமெத்தில்பென்சீன் படிகத்தில் அறைக்கு ஒரே மூலக்கூறு. சாய்வு, சண்டை எதுவும் கிடையாது. 1928-29-ல் 'தட்டை' என்று அடித்துச் சொன்னார். குருநாதரின் நெளிவு காலி. பிராக் என்ன செய்தார்? சந்தோஷப்பட்டார்! இந்தக் கட்டுரையில் வருகிற ஆண்களில் இப்படி ஒரு அபூர்வம்.

1936-ல் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள், படிகக் காந்தக்குணத்திலிருந்து மூலக்கூறின் அமைப்பைப் படிப்பது பற்றி. சில வருஷம் கழித்து ராமன் அதே அம்மாளோடு மல்லுக்கு நின்றார். விஷயம் வைரம். சில வைரங்களின் எக்ஸ்-ரே படத்தில் வரக்கூடாத புள்ளிகள் வந்தன, சிலவற்றில் வரவில்லை. வைரத்திலேயே சமச்சீர் வேறுபட்ட வகைகள் உண்டு என்று ராமன் ஒரு பெரிய தத்துவமே கட்டினார். லான்ஸ்டேல் ஒப்பவில்லை. பக்கம் பக்கமாகச் சண்டை. 1959-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் புள்ளி காட்டுகிற வகை வைரத்துக்குள் என்ன கலப்படம் என்று சோதித்தார்கள். நைட்ரஜன். நாம் மூச்சில் இழுத்து அப்படியே வெளியே விடுகிறோமே, அதே சரக்கு.

ராமன் அசைந்தாரா? 1968-லும் தன் வைரத் தத்துவத்தையேதான் எழுதிக்கொண்டிருந்தார். நாப்தலீனாவது 45 டிகிரியில் திரும்பிவிடும்.