கியர் குட்டையானா வீரம் நீளுமா?

இன்னாடா பேராண்டி, பார்சல் வந்துடுச்சாமே! கியர் குச்சி ஆட்டத்தைக் குறைக்கிற 'ஷார்ட் ஷிஃப்டர்'. மெக்கானிக்கை நம்ப மாட்டியாம், நீயே மாட்டிக்குவியாம். தாராளமா மாட்டு. அரை நூற்றாண்டு லாரி ஓட்டின கிழவன் திண்ணையில சும்மாதான் குந்திக்கினு இருக்கேன், ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போ.

ஸ்போர்ட்ஸ் காருன்ற. உன் போலோ காருல நாலு கதவு. பின் சீட்டுல உங்க ஆயாவும் அவ வெத்தலைப் பொட்டியும் சம்மணம் போட்டு வரலாம். கம்பெனிக்காரன் 2022லயே இங்க அதைச் செய்யறதை நிறுத்திட்டான். நம்ம நாட்டுல 'சான் ஸ்டார்ம்'னு ஒண்ணு செஞ்சாங்க, ரெண்டே சீட்டு, ஃபைபர் உடம்பு. அதைச் சொல்லு ஸ்போர்ட்ஸ் காருன்னு. சரி விடு, காக்காய்க்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு.

சாமான் இன்னா வேலை பண்ணுதுன்னு தெரியுமா? உன் வண்டியில குச்சிக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல ரெண்டு கேபிள் ஓடுது. ஒண்ணு முன்னப்பின்ன, இன்னொண்ணு இடவலம். முன்னப்பின்ன ஓடுற கேபிள் பாக்ஸ் மேல ஒரு லீவர் கையில மாட்டியிருக்கும். அந்தக் கைக்குப் பதிலா இன்னும் குட்டையான கை. குச்சி கொஞ்சம் நகர்ந்தாலே கியர் விழும். அவ்ளோதான் வித்தை. கடப்பாரையைக் கிட்டப் புடிச்சுக் கல்லைப் பெயர்த்துப் பாரு, முக்கல் எவ்ளோ ஏறுதுன்னு தெரியும். ஆட்டம் குறைஞ்ச அளவுக்கு மணிக்கட்டு வலிக்கும். உள்ள இருக்குற சிங்க்ரோ ரிங்குக்கு உன் அவசரம் தெரியாது. பல்லுங்க வேகத்தை ஒண்ணாக்க அதுக்கு வேண்டிய நேரத்தை அது எடுத்துக்கும். அறைஞ்சு தள்ளினா தேயும், அப்புறம் கர்ருன்னு கத்தும். அஞ்சுலேர்ந்து நாலுக்கு இழுக்கறேன்னு வேகத்துல ரெண்டுல சொருகிட்டியோ, இன்ஜினே போச்சு.

அதனால குச்சி லொடலொடன்னு ஆடுதுன்னா முதல்ல புஷ்ஷைப் பாரு. தேஞ்ச புஷ்ஷை மாத்தினாலே பாதி வியாதி போயிடும். ஆனா அதைப் போட்டோ எடுத்துப் போட்டா ஒருத்தனும் லைக் போட மாட்டான் பாரு, அதான் உனக்குப் புடிக்கல.

இல்ல, மாட்டியே தீருவேன்னா இப்படிப் பண்ணு. சமதரையில நிறுத்து, இன்ஜின் ஆறட்டும், நியூட்ரல்ல போடு, ஹேண்ட் பிரேக் இழு, சக்கரத்துக்குக் கல்லு வை. பேட்டரியில நெகட்டிவைக் கழட்டு. ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்தாத்தான் கியர் பாக்ஸ் தலை தெரியும். கழட்டறதுக்கு முன்னால எந்தக் கேபிள் எங்கன்னு போட்டோ புடி. நாள்பூரா போனைத்தான நோண்டிக்கினு இருக்கே, ஒரு நாளாவது உருப்படியா உதவட்டும். கிளிப்பைக் கழட்டும்போது மேல ஒரு கை வச்சுக்கோ. தெறிச்சு சாக்கடையில விழுந்தா கண்ணாடி போட்டுக்கினு தேட உங்க ஆயாவைக் கூப்பிடக் கூடாது. லீவர் கையை மாத்தினதும் கேபிளை அளவு பண்ணணும், இதுலதான் நிறைய பேரு கோட்டை விடறாங்க. குச்சியை நியூட்ரல்ல அசையாம ஊசி போட்டுப் பூட்டு, பாக்ஸ் பக்கத்துலயும் பூட்டு, அப்புறம்தான் கேபிள் லாக்கை விடு. கண்ணளவுல வச்சா ஒண்ணாம் கியர் விழும், மூணு விழாது.

குச்சி தலைக்குத் தோல் உறை வேற வரவழைச்சியாமே, 'ஜென்யூன் லெதர்'னு எழுதி! பிரிச்சுப் பாத்தேன், ரெக்சின். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடின்னு ஊரே தோல் பதனிட்டு வெளிநாட்டுக்காரன் காலுக்கெல்லாம் பூட்ஸ் அனுப்புது. தோல் மண்டிக்கு நடந்தே போற தூரத்துல இருந்துக்கினு ரெக்சினுக்குக் கூரியர் காசு கட்டின ஒரே ஆளு நீதாண்டா.

மாட்டிட்டு எங்க ஓட்டப் போற? வாலாஜா டோல்கேட்டுலயா? அங்க ஃபாஸ்டேக் வரிசையில ஒண்ணாம் கியரைத் தாண்டினவன் உண்டா? 1856 ஜூலை 1ந் தேதி ராயபுரத்துலேர்ந்து நம்ம வாலாஜா ரோடு வரைக்கும் தென்னாட்டு முதல் பயணிகள் ரயிலு வந்துச்சு. நீராவி இன்ஜின், கியர் பாக்ஸே கிடையாது, ஊரு வந்து சேர்ந்துச்சு. உனக்கு வேகம்தான் வேணும்னா டோல்கேட் இருக்குற இதே ரோட்டுல மெட்ராஸ் பக்கம் போனா இருங்காட்டுக்கோட்டையில ரேஸ் டிராக் இருக்குது. கோயம்புத்தூர்க்காரர் கரிவரதன் சாதா மாருதி 800 இன்ஜினை வச்சே ரேஸ் கார் கட்டி எத்தனையோ பசங்களை ஓட்ட வச்சாரு. அந்த மாதிரி இடத்துல காசு கட்டி ஓட்டு. நெசவுக்காரத் தெருவுல பாவு நீட்டி வேலை பாக்குறாங்க, அங்க உன் வீரத்தைக் காட்டாதே.

இன்னொண்ணு. வேலை முடிஞ்சதும் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம கிளட்சை மிதிச்சு எல்லாக் கியரும் போட்டுப் பாரு, முக்கியமா ரிவர்ஸ். நம்ம சந்துலேர்ந்து வண்டி வெளிய வர்றது ரிவர்ஸ்லதான்.