டேங்க்கில் பெட்ரோல் இருக்கு, இன்ஜினுக்குப் போகலையே!

கேள்வி: வீட்டு ஷெட்டிலேயே விமானம் செய்து, அதில் ஏறிப் பறக்கச் சட்டம் விடுமா?

பதில்: அமெரிக்காவில் விடும். வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்களின் கையால் நடந்திருக்க வேண்டும். ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று விமானத்தில் எழுதியிருக்க வேண்டும். வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. வகைக் கிட்டுகளை வாங்கிக் கோத்துப் பறக்கவிட்டவை மட்டுமே 10,000-க்கு மேல். றெக்கைக்கும் பெயின்ட்டுக்கும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள், பெட்ரோல் குழாயைக் கடைசியில் கிடைத்த சந்தில் நுழைத்துவிடுவதும் உண்டு. எனக்கு வயிற்றைக் கலக்குவது அதுதான்.

கேள்வி: பெட்ரோல் அமைப்பைத் திட்டமிட எங்கே தொடங்குவது? டேங்க்கிலா, பம்ப்பிலா?

பதில்: பைலட்டின் கையில். பாடகர் ஜான் டென்வரின் கதையைக் கேளுங்கள். 1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடா. அவர் ஓட்டியது பர்ட் ரூட்டான் வடிவமைத்த லாங்-ஈஸி. வேறொருவர் கட்டியது, டென்வர் அப்போதுதான் வாங்கியது. எந்த டேங்க்கிலிருந்து பெட்ரோல் எடுப்பது என்று மாற்றும் வால்வை ரூட்டான் தன் வரைபடத்தில் பைலட்டின் கால்களுக்கு நடுவே வைத்திருந்தார். கட்டியவரோ, பெட்ரோல் குழாய் பைலட் உட்காரும் இடத்துக்குள் வரவே வேண்டாம் என்று நினைத்து, வால்வை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோனார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கைப்பிடி திருப்பவும் கடினம். பெட்ரோல் அளவு காட்டும் கண்ணாடியும் பின்னால்தான். முன்னால் உட்கார்ந்தவர் முகம் பார்க்கும் கண்ணாடி பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கால்களை ஊன்றி, வலது கையால் இடது தோளுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். உடம்பு திரும்பும்போது வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறதா? விமானத்தில் அந்தக் காலுக்கு அடியில் இருப்பது, மூக்கை இடம் வலம் திருப்பும் ரடர் மிதி. வலது கையும் அந்த நேரம் ஸ்டிக்கை விட்டிருக்கும். வால்வைத் திருப்பப்போய், கவனம் சிதறி, வலது மிதியை அறியாமல் அழுத்தியதால் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்றுதான் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுக்கு வந்தது. விமானம் பறந்துகொண்டிருந்தது சில நூறு அடி உயரத்தில். மீட்டெடுக்க அது போதாது.

அதனால், குழாய் வாங்கும் முன் சீட்டைப் பொருத்துங்கள். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, தலையைத் திருப்பாமல் கை போகும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். வால்வு அங்கே இருக்கட்டும். மற்ற குழாயெல்லாம் அதைத் தேடி வரட்டும்.

கேள்வி: இரண்டு டேங்க்கையும் சேர்த்தே திறந்து வைத்துவிட்டால் வால்வு வம்பே இல்லையே?

பதில்: செஸ்னா 172-இல் அப்படி வைக்கலாம். றெக்கை தலைக்கு மேல் இருக்கிறது, பெட்ரோல் தானாக இறங்கி வரும். ஆர்.வி. மாதிரி றெக்கை கீழே இருந்தால் பம்ப் உறிஞ்சி மேலே ஏற்ற வேண்டும். இரண்டு இளநீரிலும் ஒவ்வொரு ஸ்ட்ரா போட்டு இரண்டையும் ஒரே வாயால் உறிஞ்சுங்கள்: ஒன்று காலியானதும் காற்றுதான் வரும், மற்றதில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தாலும்! ஆகவே இடது அல்லது வலது, ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

கேள்வி: டேங்க்குக்குக் காற்றுக் குழாய் எதற்கு?

பதில்: பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். குளவி மண் வைத்து அடைத்தாலே போதும். குழாயின் வாயில் வலை கட்டுங்கள், பறக்கும் முன் பாருங்கள்.

கேள்வி: பங்க் பெட்ரோல் ஊற்றலாமா?

பதில்: இன்ஜினைக் கேட்டால் மட்டும் போதாது. ரோட்டாக்ஸ் 912 வகை, 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை ஏற்கும். ஆனால் உங்கள் ஃபைபர்கிளாஸ் டேங்க்கின் ரெசினும் ஓட்டையடைக்கும் பசையும் ஏற்குமா? சில வகைகள் எத்தனாலில் ஊறி இளகி, பிசினாக ஃபில்டரை அடைத்துவிடும். டேங்க் கட்டும் முன் அதே ரெசினில் ஒரு துண்டு வார்த்து, அதே பெட்ரோலில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, ஆவி அடைப்பு. பங்க் பெட்ரோல், விமானப் பெட்ரோலான நீல நிற ஏவ்கேஸைவிடச் சீக்கிரம் ஆவியாகும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. அது புகைபோக்கிக்குப் பக்கத்திலும் போனால் பெட்ரோல் உள்ளேயே கொதித்துக் குமிழாகிவிடும். எலக்ட்ரிக் பம்ப்பை டேங்க்குக்கு அருகே தாழ்வாக வைத்துத் தள்ளவிடுங்கள். தள்ளினால் அழுத்தம் ஏறும், கொதி அடங்கும்.

கேள்வி: எல்லாம் சரியாக இருக்கிறது என்று பறக்காமலே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். இதைச் செய்யாமல் தயவுசெய்து யாரும் மேலே போகாதீர்கள். இன்ஜினுக்குள் போகும் குழாயைக் கழற்றி, அளவுக் கேனில் விடுங்கள். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும், கேனையும் விமானத்தையும் கம்பியால் இணைத்துவிடுங்கள். நிலைமின் பொறி ஒன்றே போதும், ஷெட் போய்விடும். மூக்கு, விமானம் மேலேறும்போது அதிகபட்சமாக நிமிரும் கோணத்துக்கு உயர வேண்டும். வால் சக்கரத்துக்குக் குழி தோண்டியாவது அதைச் செய்யுங்கள். டேங்க்கில் கொஞ்சம்தான் பெட்ரோல் இருக்க வேண்டும், கடைசிச் சொட்டுகளில்தான் குறை வெளிப்படும்.

சான்றிதழ் பெறும் சிறு விமானங்களுக்கு வைத்திருந்த அளவுகோலையே எடுத்துக்கொள்ளுங்கள்: புறப்படும்போது இன்ஜின் குடிப்பதில், பம்ப் என்றால் 125 சதவீதம், தானாக இறங்குவதென்றால் 150 சதவீதம். 100 குதிரைச் சக்தி ரோட்டாக்ஸ் 912 யு.எல்.எஸ். முழு வேகத்தில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். பம்ப் வைத்தவருக்கு மணிக்குச் சுமார் 34 லிட்டர் வர வேண்டும். அதாவது, ஒரு லிட்டர் கேன் 1 நிமிடம் 46 விநாடிக்குள் நிரம்ப வேண்டும். ஒவ்வொரு டேங்க்குக்கும், ஒவ்வொரு பம்ப்புக்கும் தனித்தனியாகப் பாருங்கள். வீட்டில் கட்டிய விமானங்களை ஆராய்ந்து 2012-இல் அறிக்கை தந்த அதே பாதுகாப்பு வாரியம், இந்தச் சோதனையை நடத்தி எழுத்தில் காட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுதிய தாளை விமானத்தின் லாக் புத்தகத்திலேயே வையுங்கள், நாளைக்கு அதை விலைக்கு வாங்குகிறவருக்கும் அது வேண்டும்.